கம்பெனி செலவில் ஒரு பாடம்

டாக்டர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா?

நான் சாப்பிட்டேன். ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் மாடி ஹால். சீரகச் சம்பா பிரியாணி, மட்டன் சுக்கா, கடைசியில் ஐஸ்கிரீம்...

உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை. பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவன். நம் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆகிவிட்டதல்லவா? அதை ஒட்டி எல்லாச் சங்கங்களும் சிறப்பு மலர் போடுகின்றன. டாக்டர்கள் சங்கமும் போடுகிறது. “எந்த வருஷம் யார் தலைவரா இருந்தாங்கன்னு எங்க ஆளுக யாருக்கும் ஞாபகம் இல்ல. நீங்கதான் தேதிப் பைத்தியமாச்சே, வந்து எழுதிக் குடுங்க” என்று சங்கத் தலைவர் கூப்பிட்டார். பைத்தியம்தான், மறுக்கவில்லை. போனேன்.

மாதம் ஒரு கூட்டம் போடுகிறார்கள். மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, புதிய வைத்திய முறைகளைப் பற்றிப் பாடம் நடத்துவார். நல்ல விஷயம்தானே? காலேஜை விட்டு வந்து பல வருஷமான டாக்டர் வேறு எப்படித்தான் புதியதைத் தெரிந்துகொள்வது? வெளிநாட்டு ஜர்னல் வாங்கிப் படிக்க எத்தனை பேருக்கு வசதி, எத்தனை பேருக்கு நேரம்?

சரி, செலவு யாருடையது? ஹால் வாடகை, ஸ்லைடு காட்டும் மெஷின், பேராசிரியர் வந்து போக வாடகைக் கார், பிரியாணி — எல்லாம் மருந்துக் கம்பெனி. ஒவ்வொரு மாதமும் ஒரு கம்பெனி முறை வைத்துச் செய்கிறது.

அந்த மாதத்துக் கம்பெனியின் ரெப் பெயர் பாஸ்கர். கழுத்தை நெரிக்கிற டை, வேர்வையில் முதுகோடு ஒட்டிய வெள்ளைச் சட்டை, கையில் கனத்த பை. நல்ல பையன். நிஜமாகவே நல்ல பையன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பாடம் மூட்டு வலியைப் பற்றி. பேராசிரியர் அழகாகப் பேசினார். எனக்கே பாதி புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியின் புது மாத்திரையைப் பற்றிய ஸ்லைடுகள் வந்தன. அதில் ஒன்று, பச்சை இலைப் படம் போட்டு, ‘வயிற்றுக்கு இதமானது’ என்றது. பேராசிரியர் அதை ஒரு தடவை வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்.

கடைசியில் கேள்வி நேரம். எனக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் வத்தலக்குண்டு டாக்டர் முத்தையா. அமைதியான மனிதர். அவர் கையைத் தூக்கினார். முழுதாக இல்லை, தோள் உயரத்துக்கு.

அதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். “கேள்வியெல்லாம் எங்க போயிரப் போகுது? பிரியாணி ஆறுது! சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்.”

ஹாலே சிரித்தது. முத்தையாவின் கை காதைச் சொறிவதற்குப் போனது.

சாப்பிடும்போது என்ன பேசினார்கள் தெரியுமா? மழை இல்லை. பையனுக்கு இன்ஜினியரிங் சீட். பழனி ரோட்டில் நிலம் என்ன விலை. மூட்டு வலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பாஸ்கர் இலை இலையாக வந்து கவனித்தான்.

“முத்தையா சார், என்ன, எங்க மேல கோவமா? இலையில அப்படியே இருக்கு!”

“இல்ல தம்பி... போதும். நல்லா இருக்கு.”

“அப்ப இன்னும் ஒரு பீஸ் வைக்கிறேன். வேணாம்னு சொல்லக் கூடாது.”

வைத்தான். அவரும் சொல்லவில்லை.

*

இனி ராக்கம்மா.

நாகல் நகரில் எனக்கு அடுத்த தெரு. இட்லிக் கடை. புருஷன் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. மகன் மாரியப்பன் லாரி ஆபீஸில் மூட்டை எண்ணுகிறான். அடுப்பு முன்னால் குந்தியே கிடந்ததில் அவளுக்கு முழங்கால் போய்விட்டது. எழுந்திருப்பதற்குள் “ஆத்தாடி... அப்பாடி” என்று ஒரு ராகமே பாடுவாள்.

ஆடி பிறந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலையில் போனால், பாட்டைக் காணோம்.

“என்ன ராக்கம்மா, கால் நல்லாயிருச்சா?”

“புது மாத்திரைண்ணே! நம்ம தெரு டாக்டரு எழுதிக் குடுத்தாரு. இந்தா பாருங்க...” குந்தினாள். எழுந்தாள். மறுபடி குந்தி எழுந்தாள். “அம்புட்டு சொகமா இருக்கு. ஆடிப் பெருக்குக்கு வைகைக்கே நடந்து போயிருவேன் போங்க.”

“ஏ ராக்கு, ஆத்துல தண்ணியே இல்ல, நீ நடந்து போயி என்ன செய்யப் போற?” என்றார் இட்லி தின்றுகொண்டிருந்த ஒருவர்.

“ஒம்ம கண்ணுல இருந்து நாலு சொட்டு விடுமய்யா, குளிச்சுட்டு வாரேன்!”

கடையே சிரித்தது. எனக்கும் சந்தோஷம். தெரு டாக்டரும் அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்தான். பாடம் கேட்டார், நல்லது என்று நம்பினார், எழுதினார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

ராக்கம்மா விடியுமுன் எழுந்து, வரக்காப்பியோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். கடைசி ஆள் சாப்பிட்டுப் போன பிறகுதான் அவள் வயிற்றுக்கு ஏதாவது. இட்லி விற்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள் காலை. கடையில் அடுப்பு பற்றவைக்கவில்லை. மாரியப்பன் என் வீட்டுக்கு ஓடிவந்தான்.

“மாமா, அம்மா ரத்தமா வாந்தி எடுக்குது. கறுப்பா... கட்டி கட்டியா...”

பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். எதில் கொண்டுபோவது? டாக்ஸி ஸ்டாண்டில் வண்டி ஒன்றும் இல்லை. ரத்த வாந்தி எடுக்கிறவளைப் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? மாரியப்பன் நடுரோட்டில் நின்று லாரியை மறித்துக்கொண்டிருந்தான்.

அப்போது டாக்டரைப் பார்க்க வந்திருந்த பாஸ்கர் எங்களைப் பார்த்துவிட்டான். “சார், என்ன சார்? வெளிய எங்க கம்பெனி கார்தான் நிக்குது. வாங்க.” பையைக் கீழே போட்டான். ராக்கம்மாவை அவனே தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினான். அந்த வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். டையைக் கழற்றி அவள் வாயைத் துடைத்துவிட்டான். முன் சீட்டில் உட்கார்ந்து மதுரை வரைக்கும் கூடவே வந்தான்.

நல்ல பையன் என்று சொன்னேனே...

*

மதுரையில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். எனக்குத் தெரிந்த டாக்டர்களில் யாரையாவது கூப்பிட்டால் தேவலை என்று வத்தலக்குண்டுக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டேன். முத்தையா மாலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

“என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?”

மாரியப்பன் சட்டைப் பையிலிருந்து காலி அட்டையை எடுத்துக் கொடுத்தான். முத்தையா அதை வாங்கிப் பார்த்தார். அப்படியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மாரியப்பன் ரத்தம் வாங்கப் போன பிறகுதான் பேசினார்.

“சார், அன்னிக்குக் கூட்டத்துல நான் கையத் தூக்குனேன், நீங்க பாத்தீங்க.”

“பாத்தேன்.”

“இதைக் கேக்கத்தான் தூக்குனேன். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பூ வெவசாயி. இதே மாத்திரை. இதே மாதிரி ரத்தம். ஏதோ தெய்வச் செயல், பொழச்சுக்கிட்டாரு. மாத்திரையாலதானா, வேற காரணமான்னு எனக்குத் தெரியல. அதப் பேராசிரியர்கிட்டக் கேக்கணும்னுதான் அன்னிக்கு பஸ் ஏறுனேன்.”

“அப்புறம் ஏன் கேக்கல? சாப்பிடும்போதாவது...”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

“எப்படி சார் கேக்குறது? அந்தத் தம்பி என் வீட்டுக்கே வந்து, தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைச்சிட்டுப் போனான். அப்படி அழைச்ச வீட்டுல போயி, இலையில ஒக்காந்துக்கிட்டு, சாம்பார்ல பல்லி கெடக்குன்னு சொல்ல முடியுமா?”

முடியாது. உங்களால் முடியுமா? என்னால் முடியாது. நாம் வளர்ந்த விதம் அப்படி. லஞ்சம் என்றால் கவருக்குள் வரும். வேண்டாம் என்று சொல்ல நமக்குத் தெரியும். இலை போட்டுப் பரிமாறினால்? அப்போது வேண்டாம் என்பதே மரியாதைக் குறைவு!

மறுநாள் வார்டுக்கு வந்தவர் யார் என்கிறீர்கள்? அதே பேராசிரியர். முத்தையா அவரை வராந்தாவில் நிறுத்தி, அட்டையைக் காட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“ஓ, இதுவா?” என்றார் பேராசிரியர். “நானும் பார்த்திருக்கேன். இது முதல் கேஸ் இல்லை. வயசானவங்க, வெறும் வயித்துல சாப்பிடறவங்க... ரொம்ப ஜாக்கிரதையா கொடுக்கணும்.”

முத்தையா அட்டையை இறக்கினார். “சார்... அன்னிக்குத் திண்டுக்கல்ல நீங்க இதச் சொல்லலையே?”

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். முகம் வாடித்தான் போயிருந்தது.

“ஸ்லைடு அவங்க கொடுத்தது. கார் அவங்களோடது. அவங்க மேடையில நின்னுக்கிட்டு நானா எப்படி ஆரம்பிக்கிறது? கேள்வி வரும், அப்ப சொல்லலாம்னு நினைச்சேன்.” திரும்பாமலே சொன்னார்: “யாரும் கேட்கலையே டாக்டர்.”

ஒருவர் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தார். இன்னொருவர் கேட்பது மரியாதை இல்லை என்று இருந்தார். நடுவில் பிரியாணி ஆறாமல் இருந்தது.

*

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் முத்தையா ஒரு முடிவோடுதான் வந்தார். சங்கத்துக்கு ஒரு விதிமுறை வேண்டும்.

டாக்டர்களுக்கு விதிமுறை ஏற்கெனவே இல்லையா? இருக்கிறது. தேடிப் படித்தேன். விளம்பரம் செய்யக் கூடாது. கமிஷன் வாங்கக் கூடாது. எல்லாம் சரி. மருந்து விற்கிறவன் காசில் மருந்தைப் பற்றிப் பாடம் கேட்கலாமா என்பதற்கு அதில் ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. உலகத்து மருந்துக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே ஒரு ஒழுங்குமுறை வகுத்துக்கொண்டதாக ஏதோ ஒரு பத்திரிகையில் படித்த ஞாபகம். தன் கடைத் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வது மாதிரி.

முத்தையா எழுதியது எளிமையானது. பாடக் கூட்டங்களை இனி சங்கமே தன் சந்தாவில் நடத்தும். பேச வருகிறவர் எந்தக் கம்பெனியிடமிருந்தாவது ஏதாவது பெற்றிருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். கம்பெனிக்காரர்கள் வெளியே ஒரு மேஜை போட்டுக்கொள்ளலாம், உள்ளே அல்ல. கேள்விகள் முடியாமல் பந்தி கிடையாது.

புரட்டாசி முதல் ஞாயிறு, பொதுக்குழு. மலர் எழுதுகிறவன் என்ற உரிமையில் நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். புரட்டாசி என்பதால் பிரியாணி இல்லை. வடை, பாயசம் வாசனை வந்தது. அதற்கும் ஒரு கம்பெனிதான் பொறுப்பு. எந்தக் கம்பெனி? அதேதான். வாசலில் பாஸ்கர் நின்றுகொண்டிருந்தான்.

முத்தையா ராக்கம்மாவின் கதையைச் சொன்னார். நிலக்கோட்டைக்காரரின் கதையைச் சொன்னார். வராந்தாவில் பேராசிரியர் சொன்னதைச் சொன்னார். தீர்மானத்தை வாசித்தார்.

மூத்த டாக்டர் ஒருவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “ஒரு பேனாவுக்கும் ஒரு பிளேட் பிரியாணிக்கும் வெலை போறவங்கன்னு எங்களச் சொல்றீங்களா?”

“ஒங்களச் சொல்லலண்ணே. நான் போனேன். பேனாவுக்குப் போகல... மரியாதைக்குப் போனேன்.”

மூத்த டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “கேள்வி கேக்காதது ஒங்க தப்பு முத்தையா. அதுக்கு எங்க இலைய ஏன் எடுக்கிறீங்க?”

சிரித்தார்கள். நிம்மதியான சிரிப்பு.

பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து வரும் டாக்டர் மட்டும் சிரிக்காமல் எழுந்தார். “ஏனுங்க முத்தையா, நீங்க சொல்றது நாயந்தானுங்க. ஆனா எங்க ஊர்ல ஒரு டாக்டர் பொஸ்தகம் கெடைக்குதுங்களா? நாங்க புதுசாத் தெரிஞ்சுக்கறதே இந்த ஒரு கூட்டத்துலதானுங்க. சந்தாவ ஏத்துனா பாதிப் பேரு வர மாட்டாங்க, கம்பெனியும் போயிட்டா கூட்டமே இருக்காது. அப்பறம் எங்க நோயாளிக்கு யாருங்க பதில் சொல்றது?”

நேர்மையான கேள்வி. முத்தையா, “அப்படின்னா கம்மியா நடத்துவோம், ஆனா நம்ம காசுல நடத்துவோம்” என்றார். அதோடு கொஞ்சம் காற்று அவர் பக்கம் திரும்புகிற மாதிரிதான் இருந்தது. ஓரிருவர் தலையாட்டினார்கள். நடந்துவிடும் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் தலைவர் எழுந்தார்.

“முத்தையா சொன்னாரு. எல்லாம் சரி. ஆனா ஒண்ண விட்டுட்டாரு. அந்த அம்மா இன்னிக்கு உசுரோட இருக்காங்கன்னா, யாரு காரு? கம்பெனி காரு! சட்டையெல்லாம் ரத்தத்தோட அந்தத் தம்பி தூக்கிக்கிட்டு ஓடலேன்னா என்ன ஆயிருக்கும்? அவனப் பாத்து, நீ வெளிய மேஜை போட்டு ஒக்காருன்னு சொல்றதா? அதுதான் நம்ம பண்பாடா?”

கைதட்டல். அவ்வளவு பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்கர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

முத்தையாவிடம் பதில் இருந்தது. அந்த அம்மாளைக் காரில் ஏற்ற வேண்டிவந்ததே எதனால் என்று ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தார். வாசலைப் பார்த்தார். மூடிக்கொண்டார். உட்கார்ந்துவிட்டார்.

“அவன் மொகத்தப் பாத்துட்டு என்னால சொல்ல முடியல சார்” என்றார் பிறகு.

தீர்மானம் ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’ என்று பதிவானது. அரசாங்க ஆபீஸில் காலம் தள்ளியவன் நான். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

யோசித்துப் பார்க்கிறேன். இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரைக் காட்டுவது? தலைவரையா? பேராசிரியரையா? சட்டையை ரத்தமாக்கிக்கொண்ட பாஸ்கரையா? எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அந்த மரியாதையில் ராக்கம்மாவுக்கு மட்டும் பங்கு இல்லை. அவள் அந்த ஹாலில் இல்லை, அவளை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. விதிமுறை என்பது கெட்டவர்களுக்காக என்று நினைத்திருந்தேன். இல்லை... நம்மைப் போன்ற நல்லவர்களுக்குத்தான் அது அவசரமாக வேண்டியிருக்கிறது.

*

பொதுக்குழு முடிந்து முத்தையா நேரே பஸ் ஏறவில்லை. “அந்தம்மாவப் பாத்துட்டுப் போறேன்” என்றார். நாகல் நகருக்கு ஆட்டோ பிடித்தோம்.

ராக்கம்மா பாயில் படுத்திருந்தாள். பிழைத்துவிட்டாள். பாதி ஆள்தான் மிச்சம். கடை திறப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. இட்லிக் கொப்பரையை யாரோ விலைக்குக் கேட்டார்கள் என்று மாரியப்பன் சொன்னான்.

எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். முத்தையா வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். நாடி பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

“நம்ம தெரு டாக்டரு நல்ல மருந்துதான்யா குடுத்தாரு” என்றாள் அவள். “எம் ஒடம்புக்குத்தான் ஒத்துக்கல. பாவம், அவுக மனசு சங்கடப்பட்டிருக்கும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்: “இப்படி ஆகும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா யாராச்சும் சொல்லியிருக்க மாட்டாகளா?”

நான் சுவரைப் பார்த்தேன். இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் முத்தையாவுக்கு இல்லை. ஆமாம்மா என்று எழுந்து வந்திருக்கலாம்.

“எனக்குத் தெரியும்மா” என்றார். “முழுசாத் தெரியாது, சந்தேகம் இருந்துச்சு. கேக்க வேண்டிய எடத்துல கேக்கல.”

மாரியப்பன் நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வந்தான். ராக்கம்மா கையைத் தூக்கி அவனைத் தடுத்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. முத்தையா பக்கம் திரும்பினாள்.

“அப்ப அந்த மாத்திரை இன்னமும் கடையில விக்கிறாகளாய்யா?”

“விக்கிறாங்கம்மா.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று காலை அவ்வளவு நேரம் நடந்த பொதுக்குழுவில், அத்தனை டாக்டர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.